வண்டிக்குள் நெடி வராமல் கேனில் பெட்ரோல் எடுத்துச் செல்வதும் சேமிப்பதும்: முழுமையான வழிகாட்டி

ஜெனரேட்டருக்காகவோ, புல் வெட்டும் இயந்திரத்துக்காகவோ, படகின் எஞ்சினுக்காகவோ, பெட்ரோல் பங்க் எதுவும் இல்லாத நெடும்பாதையில் போவதற்காகவோ கேனில் பெட்ரோலை வண்டியில் ஏற்றிச் செல்லும் தேவை பலருக்கும் ஏற்படுகிறது. அப்படிச் செல்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: கேனை இறக்கிவைத்த பிறகும் வண்டிக்குள் நெடி நாள்கணக்கில் நிற்கிறது. அதற்கு அவர்கள் தேடும் தீர்வு வாசனைத் திரவியமாகவோ, கேனைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் பையாகவோ இருந்துவிடுகிறது. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நெடி வருகிறது என்றால் பெட்ரோல் ஆவி ஏதோ ஓரிடத்திலிருந்து வெளியேறி, நாம் மூச்சிழுக்கும் காற்றில் கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தால் நெடி தானாக நிற்கும். தீப்பிடிக்கும் அபாயமும் அதோடு பெருமளவு குறையும். நெடியை மட்டும் மறைத்தால், கசிவைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அறிகுறியை நாமே அழித்துவிடுகிறோம்.

நெடி எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும் திரவம். சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் குளிரில்கூட, தீப்பற்றுவதற்குப் போதிய ஆவி அதன் பரப்பின் மேல் திரண்டு நிற்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே எழுந்து கலைந்துவிடாமல், தரைவிரிப்பிலும் இருக்கைகளுக்கு அடியிலும் டிக்கியின் பள்ளங்களிலும் தங்குகிறது. காற்றில் இந்த ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு சிறு பொறியே அதைப் பற்றவைக்கப் போதுமானது.

மனித மூக்கு இதைவிட மிகக் குறைந்த அளவையே உணர்ந்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே பெட்ரோல் நெடி தெரியும். ஆகவே இலேசான நெடி வந்தவுடன் வண்டி வெடிக்கப்போகிறது என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் அதே மூக்கு சில நிமிடங்களில் அந்த நெடிக்குப் பழகி, அதை உணர்த்துவதை நிறுத்திவிடுகிறது. வண்டிக்குள் இருந்துகொண்டே 'இப்போது நெடி குறைந்துவிட்டது' என்று ஓட்டுநர் முடிவுசெய்வது இதனால்தான் நம்பத்தகாதது. வெளியிலிருந்து புதிதாக வந்து ஏறுபவரின் மூக்கையே நம்ப வேண்டும். ஒரு சாதாரணக் காரின் உட்புறக் கொள்ளளவை மூன்று கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கால் லிட்டர் பெட்ரோல் கொட்டி முழுவதும் ஆவியானாலே அந்தக் காற்று தீப்பற்றும் வரம்பை எட்டிவிடும். ஆவி தாழ்வாகப் படிவதால் தரைமட்டத்தில் அந்த வரம்பு இன்னும் விரைவில் எட்டப்படும்.

நெடிக்கு மூலமாக இருப்பவை நான்கு. கேனின் வெளிப்புறத்திலும் மூடியின் மரைகளிலும் ஊற்றுக்குழாயிலும் ஒட்டியிருக்கும் துளிகள் முதலாவது. வெப்பத்தால் உள்ளே அழுத்தம் கூடும்போது மூடியின் வாஷரைத் தாண்டி வெளியேறும் ஆவி இரண்டாவது. பிளாஸ்டிக் கேனின் சுவரையே ஊடுருவி மெதுவாக வெளிவரும் ஆவி மூன்றாவது. எப்போதோ சிந்தித் தரைவிரிப்பில் ஊறிப்போன பழைய பெட்ரோல் நான்காவது. பலரும் கேன் ஒழுகுகிறது என்று சந்தேகித்து உடனே புதிய கேன் வாங்குகிறார்கள்; உண்மையில் பெரும்பாலான நெடி முதல் மூலத்திலிருந்தே வருகிறது, அதைத் தடுக்க ஒரு துணியும் சிறிது பொறுமையும் போதும்.

முதல் படி: எவ்வளவு தேவை என்பதை முடிவு செய்தல்

எடுத்துச் செல்லாத பெட்ரோலுக்கு நெடி கிடையாது. தேவைக்கு மேல் ஒரு லிட்டரும் ஏற்ற வேண்டாம். தனிப்பட்ட வண்டியில் எத்தனை லிட்டர் கொண்டுசெல்லலாம், எத்தகைய கேனில் பங்க்கில் நிரப்பித் தருவார்கள் என்ற விதிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. கேன் வாங்குவதற்கு முன்பே அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 15 கிலோ எடை கொண்டது. எஃகுக் கேனின் எடையும் சேர்ந்தால் 19 கிலோவை நெருங்கும். அதைத் தூக்கிச் சாய்த்து நிதானமாக ஊற்ற முடியாதவர் கட்டாயம் சிந்துவார். அத்தகையவருக்கு ஐந்து அல்லது பத்து லிட்டர் கேன்கள் இரண்டு இருப்பதே நல்லது.

இரண்டாம் படி: கேனைத் தேர்ந்தெடுத்தல்

தண்ணீர் பாட்டில், குளிர்பானப் பாட்டில், எண்ணெய் டின், கண்ணாடிக் குடுவை ஆகிய எதிலும் பெட்ரோலை ஊற்றக் கூடாது. அவற்றின் மூடிகள் ஆவி அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கண்ணாடி உடையும். தண்ணீர் பாட்டிலில் இருப்பதைக் குழந்தை குடிநீர் என்று எண்ணிவிடும். இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். அவசரத்துக்கு ஒருமுறை என்றாலும் இதைச் செய்யாதீர்கள்.

நெடியே வரக் கூடாது என்பது நோக்கமானால் எஃகால் செய்த ஜெர்ரி கேனுக்கு நிகர் இல்லை. 1930களின் பிற்பகுதியில் ஜெர்மானிய இராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட அந்த வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. நெம்பிப் பூட்டும் மூடி, வாஷரைச் சீராக அழுத்திப் பிடிக்கிறது. திருகு மூடியைப் போல எவ்வளவு இறுக்கினோம் என்ற ஐயம் அதில் எழுவதில்லை. பக்கங்களில் பதிந்துள்ள பள்ளங்கள் திரவம் விரியும்போது கேன் சற்று உப்ப இடம் தருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எஃகின் வழியாக ஆவி ஊடுருவுவதில்லை. துரு ஒன்றுதான் அதன் எதிரி. உட்பூச்சு உரிந்த பழைய கேனை வாங்கக் கூடாது.

பிளாஸ்டிக் கேன் இலேசானது, துருப்பிடிக்காது. ஆனால் சாதாரணப் பாலிஎத்திலீன் சுவரின் வழியாகப் பெட்ரோல் மிகச் சிறிய அளவில் ஊடுருவிக்கொண்டே இருக்கும். மூடி எவ்வளவு இறுகியிருந்தாலும் மூடிய டிக்கியில் ஒரு இரவு வைத்தால் நெடி வருவது இதனால்தான். உட்புறத்தில் ஃபுளூரின் ஏற்றப்பட்ட கேன்களிலும், தடுப்பு அடுக்கு வைத்துப் பல அடுக்குகளாக வார்க்கப்பட்ட கேன்களிலும் இந்த ஊடுருவல் வெகுவாகக் குறைவு. எரிபொருளுக்கென்றே சான்று பெற்ற கேனில், வட்டத்துக்குள் யு, என் என்ற ஆங்கில எழுத்துகள் கொண்ட ஐக்கிய நாடுகள் முத்திரையைத் தொடர்ந்து ஒரு குறியீடு இருக்கும்; மேல்தட்டைக் கழற்ற முடியாதபடி அமைந்த எஃகு ஜெர்ரி கேனுக்கு 3ஏ1 என்றும் அதேபோன்ற பிளாஸ்டிக் ஜெர்ரி கேனுக்கு 3எச்1 என்றும் அது அமையும். பிளாஸ்டிக் கேனில் தயாரித்த மாதமும் ஆண்டும் கடிகார முகப்பு போன்ற அச்சில் பதிந்திருக்கும். ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்வதற்கான பன்னாட்டு விதிகள் பிளாஸ்டிக் ஜெர்ரி கேனின் பயன்பாட்டுக் காலத்தைப் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் என்று வரையறுக்கின்றன. தனிப்பட்ட உபயோகத்துக்கும் அதையே கணக்காகக் கொள்வது நல்லது. வெயிலில் வெளுத்துப்போன கேனை அதற்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.

வாஷரில் கவனம் தேவை. நைட்ரைல் ரப்பரும் ஃபுளூரோகார்பன் ரப்பரும் பெட்ரோலைத் தாங்கும். இயற்கை ரப்பரும் சாதாரண சிலிக்கோனும் அதில் ஊறி உப்பி உருக்குலையும். கையில் கிடைத்த குழாய் வாஷரை வெட்டிப் பொருத்துவது, கசிவை நாமே உண்டாக்குவதற்குச் சமம்.

மூன்றாம் படி: நிரப்புவதற்கு முன் சோதித்தல்

இந்தச் சோதனைக்குப் பெட்ரோல் தேவையில்லை. ஒருமுறைகூடப் பெட்ரோல் ஊற்றப்படாத புதுக் கேனில் செய்யுங்கள். காலியான கேனை நிழலில் குளிரவிட்டு மூடியை இறுக்கி மூடுங்கள். பிறகு ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியேற வழி தேடும். மூடியைச் சுற்றியும், காற்றுத் திறப்பு இருந்தால் அதன் மேலும், கேனின் இணைப்புத் தையல்கள் நெடுகவும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழும் இடம் கசியும் இடம். குமிழி மூடியருகே எழுந்தால் வாஷரை மாற்றி மீண்டும் சோதிக்கலாம். தையலில் எழுந்தால் அந்தக் கேனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பல பிளாஸ்டிக் கேன்களின் பின்புறத்தில் இருக்கும் சிறிய காற்றுத் திறப்பு மூடிதான் பெரும்பாலும் தோற்கும் இடம் என்பதால், அங்கே இருமுறை பாருங்கள்.

நான்காம் படி: நிரப்புதல்

கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். டிக்கியின் விரிப்பின் மேலோ பிளாஸ்டிக் தளத்தின் மேலோ இருக்கும் கேனில் பெட்ரோல் பாயும்போது உருவாகும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் தேங்கி, நாஸிலுக்கும் கேனுக்கும் இடையே பொறியாகப் பாயலாம். நிரப்பி முடியும்வரை நாஸில் கேனின் வாயைத் தொட்டபடியே இருக்க வேண்டும். பாய்ச்சல் மெதுவாக இருக்க வேண்டும். நெடியைக் குறைப்பதற்கும் இந்த நிதானம் உதவுகிறது, ஏனென்றால் வேகமாகப் பாயும் பெட்ரோல் நுரைத்துத் தெறித்து மரைகளை நனைக்கிறது.

விளிம்பு வரை நிரப்புவதைத் தவிருங்கள். ஒவ்வொரு 10 பாகை வெப்பம் கூடும்போதும் பெட்ரோலின் கன அளவு ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுகிறது. குளிர்ந்த காலையில் 15 பாகையில் நிரப்பிய 19 லிட்டர், பிற்பகலில் 45 பாகையை எட்டும்போது அரை லிட்டருக்கும் மேல் விரிந்திருக்கும். அந்த விரிவுக்கு உள்ளே இடம் இல்லையென்றால் அது வாஷரைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கேனில் அதிகபட்ச அளவுக் கோடு இருந்தால் அதோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் மொத்தக் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள்.

ஐந்தாம் படி: துடைத்து உலரவிடுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்று சொல்பவருக்கு நான் இதையே சுட்டிக்காட்டுவேன். நிரப்பிய கேனை மூடியவுடன் வண்டியில் ஏற்றாதீர்கள். முதலில் கேனின் வாயையும் மரைகளையும் பஞ்சுத் துணியால் துடையுங்கள். மூடியை இறுக்கியபின் அதன் வெளிப்புறம், கைப்பிடி, கேனின் கழுத்து, அடிப்பாகம் என்று எல்லாவற்றையும் இன்னொரு உலர்ந்த துணியால் துடையுங்கள். அடிப்பாகத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பங்க்கின் தரையில் ஏற்கெனவே சிந்தியிருக்கும் பெட்ரோல் கேனின் அடியில் ஒட்டிக்கொண்டு வண்டிக்குள் வருகிறது. உங்கள் காலணியின் அடியிலும் அது ஒட்டியிருக்கலாம்.

துடைத்த பிறகு, வண்டிகள் வந்துபோகும் வழியிலிருந்து தள்ளி, காற்று வீசும் நிழலான இடத்தில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் கேனை நிற்கவிடுங்கள். துணியில் பிடிபடாத மெல்லிய ஈரமும் இதற்குள் ஆவியாகிவிடும். பிறகு கேனைச் சில நொடிகள் இலேசாகச் சாய்த்துப் பிடித்து, மூடியைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துடைத்த துணிகளை வண்டியில் போடக் கூடாது. திறந்த வெளியில் முழுவதும் உலரவிட்டு, பிறகு எரிபொருள் கழிவுக்கென உள்ள முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். நிரப்பும்போது நைட்ரைல் கையுறை அணிந்து, ஏறும் முன் கழற்றிவிட்டால் ஸ்டீயரிங் சக்கரத்தில் நெடி ஏறாது.

ஆறாம் படி: வண்டியில் வைக்கும் இடம்

பயணிகள் அமரும் பகுதியோடு காற்றுத் தொடர்பு இல்லாத இடமே சரியான இடம். திறந்த சரக்குத் தளம் உள்ள வண்டியில் இது எளிது. கூரைச் சட்டத்தில் வைத்தால் நெடி உள்ளே வராது. ஆனால் அங்கே வெயில் நேராகத் தாக்கும், வண்டியின் எடைமையமும் உயரும். பின்புற பம்பரில் மாட்டும் தாங்கி நெடிக்கு நல்ல தீர்வுதான், என்றாலும் பின்னாலிருந்து மோதும் வண்டி முதலில் மோதுவது அந்தக் கேனில் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் பார்வையில், குறுகிய தூரத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் கூரைச் சட்டத்தில் படுக்காமல் நிமிர்ந்து நிற்கும்படி உறுதியாகக் கட்டிய கேன் இவற்றுள் மேலானது.

டிக்கியில்தான் வைக்க வேண்டும் என்றால், பயண நேரம் அளவுக்கு மட்டுமே வையுங்கள். இருக்கைக்குப் பின்னால் திறந்தே இருக்கும் டிக்கி, நெடியைப் பொறுத்தவரை பயணிகள் அறையின் ஒரு பகுதியே. கேனைவிட அகலமான, விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டில் உறிஞ்சும் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன் மேல் கேனை நிமிர்த்தி வைத்து, அசையாதபடி ஸ்ட்ராப்பால் இரண்டு பக்கமும் கட்டுங்கள். ஓரிரு துளி கசிந்தாலும் அது தட்டிலேயே நின்றுவிடும். வண்டியின் விரிப்பில் ஊறாது. ஜிப் வைத்த பையும் குப்பைப் பையும் ஆவியைத் தடுக்கமாட்டா. மெல்லிய பிளாஸ்டிக்கை ஆவி எளிதில் ஊடுருவும்; பைக்குள் தேங்கிய ஆவி திறக்கும்போது மொத்தமாக முகத்தில் அடிக்கும்.

கேனுக்கென்று நிலையான பெட்டி செய்ய விரும்புபவர்கள் படகுகளில் கையாளப்படும் முறையைப் பின்பற்றலாம். அங்கே எரிவாயு வைக்கும் அறையை உட்புறத்திலிருந்து முற்றிலும் அடைத்து, அதன் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை வைக்கிறார்கள். கனமான வாயு அந்தத் துளை வழியே தானாக இறங்கி வெளியேறிவிடும். பெட்ரோல் ஆவிக்கும் இதே கணக்குதான். பெட்டியின் மேற்புறத்தில் மட்டும் துளையிட்டால் பயனில்லை. அடித்துளை வண்டியின் கீழே திறக்க வேண்டும். அது எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் இருக்கவே கூடாது.

ஏழாம் படி: வழியில்

ஜன்னல்களைச் சற்றுத் திறந்து, உட்காற்றையே சுழற்றும் அமைப்பை நிறுத்தி, வெளிக்காற்று உள்ளே வரும்படி விசிறியை இயக்குங்கள். டிக்கிக் கதவைத் திறந்தபடி ஓட்டினால் நெடி வெளியே போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மிகவும் ஆபத்தானது. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால் எக்ஸாஸ்ட் புகை அந்தத் திறப்பு வழியாக உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நெடியே கிடையாது.

வண்டிக்குள் புகைபிடிக்கக் கூடாது. வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு கேனை உள்ளே விட்டுச் செல்லாதீர்கள். மூடிய காரின் உட்புறம் 60 பாகையை நெருங்கக்கூடும், அந்த வெப்பத்தில் சாதாரண வாஷர் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. பயணத்தில் யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால் வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்க வேண்டும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது என்று நிறுவப்பட்ட பொருள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வரும் பயணத்தில் பயணிகள் அறையோடு இணைந்த டிக்கியில் கேனை ஏற்றவே வேண்டாம்.

எட்டாம் படி: திறப்பதும் ஊற்றுவதும்

சூடான கேனில் அழுத்தம் இருக்கும். நிழலில் சற்று ஆறவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, சீறல் அடங்கும்வரை மூடியை மெல்லத் தளர்த்துங்கள். எஃகுக் கேன் உப்பியிருப்பது வழக்கமானதே. ஊற்றப்படும் இயந்திரம் அணைந்து குளிர்ந்திருக்க வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் ஊற்றியதால் நேர்ந்த தீவிபத்துகள் ஏராளம்.

ஊற்றி முடித்த பிறகு ஊற்றுக்குழாயின் உட்புறத்தில் பெட்ரோல் ஒரு படலமாக நிற்கிறது. முழுக் கேனையும் ஒழுங்காக மூடிவிட்டு, நனைந்த குழாயை அப்படியே டிக்கியில் எறிவதுதான் திரும்பும் வழியில் நெடி வருவதற்கு முதன்மையான காரணம். குழாயையும் புனலையும் செங்குத்தாகப் பிடித்து வடியவிட்டு, திறந்த வெளியில் உலர்த்தி, இறுக மூடும் உலோக டப்பாவில் வைத்து எடுத்துவாருங்கள். காலியான கேன் பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறு. நிறைந்த கேனில் ஆவி தீப்பற்ற முடியாத அளவுக்கு அடர்ந்திருக்கும். காலிக் கேனிலோ காற்று புகுந்து கலவை தீப்பற்றும் வரம்புக்குள் வந்துவிடக்கூடும். அதனால் அதையும் இறுக மூடியே கொண்டுவர வேண்டும்.

ஒன்பதாம் படி: சேமித்தல்

வண்டி பெட்ரோலைச் சேமித்துவைக்கும் இடம் அல்ல. வந்து சேர்ந்தவுடன் கேனை இறக்கி, குடியிருக்கும் அறைகளிலிருந்து விலகிய, காற்றோட்டமும் நிழலும் உள்ள, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் சூடேற்றும் கருவி, குளிர்பதனப் பெட்டி போன்ற சுடரோ பொறியோ உண்டாகக்கூடிய சாதனங்கள் அருகில் இருக்கக் கூடாது. கனமான ஆவி தரையோடு ஊர்ந்து சென்று தூரத்திலுள்ள சுடரையும் எட்டும். மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் அது இன்னும் விரைவில் கெடும். நிரப்பிய தேதியைக் கேனின் மேல் எழுதிவையுங்கள்.

சிந்திவிட்டால்

எஞ்சினை நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து, ஆட்களை இறக்குங்கள். வேக்குவம் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது; ஆவி அதன் மோட்டாரின் பொறியில் பற்றிக்கொள்ளும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பெட்ரோல் பஞ்சுக்குள் இறங்கிவிடும். பிறகு உறிஞ்சும் களிமண் துகளையோ சமையல் சோடாவையோ தடிமனாகத் தூவிச் சில மணி நேரம் விட்டு, கையால் பெருக்கி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழற்றக்கூடிய விரிப்பையும் அதன் அடியிலுள்ள பஞ்சையும் எடுத்து வெளியில் உலர்த்துவதே மிக விரைவான வழி. நெடி முழுவதும் அடங்கியபின் சோப்பு நீரால் கழுவலாம். எஞ்சிய மெல்லிய நெடிக்குச் செயலூட்டப்பட்ட கரி நிறைந்த பைகளை இருக்கைகளுக்கு அடியில் வைத்தால் அது ஆவியை ஈர்த்துக்கொள்ளும். சில நாள்களில் கரி நிறைந்துவிடும் என்பதால் மாற்ற வேண்டும். அடிப்பஞ்சு முழுவதும் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

கேன் இல்லாதபோதும் நெடி வந்தால்

கேனை இறக்கி, விரிப்பையும் சுத்தம் செய்து, ஒரு வாரம் கழித்தும் நெடி தொடர்ந்தால் வண்டியையே சந்தேகிக்க வேண்டும். டாங்க் மூடியின் வாஷர் விரிசல் விட்டிருக்கலாம். பங்க்கில் நாஸில் தானாக நின்ற பிறகும் திரும்பத் திரும்ப அழுத்தி நிரப்பும் பழக்கம் இருந்தால், டாங்க்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக் கலத்துக்குள் திரவப் பெட்ரோல் புகுந்து அதைக் கெடுத்திருக்கலாம். எரிபொருள் குழாயின் இணைப்பிலோ, இன்ஜெக்டரின் வளையத்திலோ, பின்னிருக்கைக்கு அடியிலுள்ள பம்ப்பின் மூடியிலோ கசிவு இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது நெடி கூடுகிறதா, டாங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வருகிறதா, முன்பக்கமா பின்பக்கமா என்று கவனித்துக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகும். வண்டிக்கு அடியில் ஈரத்தடம் தெரிந்தால் எஞ்சினைக் கிளப்பாமல், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.